பணத்தைக் கையிலேயே கொடுத்துவிட்டால் என்ன? நிபந்தனை இல்லாத உதவி பற்றி உங்கள் கருத்து வேண்டும்

ஈரமண் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை தேவைப்படுகிறது.

எங்கள் அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து அவருக்குக் கொஞ்சம் பெரிய தொகையாகவே உதவலாம் என்று பேசி, பணத்தையும் சேர்த்துவிட்டோம். சேர்த்த பிறகுதான் பேச்சு இழுக்கிறது. வீட்டுக்கு வேண்டிய சாமான்களை வாங்கித் தரலாம் என்கிறார் ஒருவர். பிள்ளைகளின் படிப்புச் செலவை நாமே நேராகக் கட்டிவிடுவோம் என்கிறார் இன்னொருவர். பணத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிடுவோம், எதற்கு வேண்டுமோ அதற்கு அவர் செலவு செய்துகொள்ளட்டும் என்று நான் சொன்னேன். உடனே எங்களில் மூத்தவர், "பாத்திரமறிந்து பிச்சையிடு என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்?" என்று கேட்டார். கெட்ட மனதோடு கேட்கவில்லை. சேர்ந்த பணத்தில் பாதி அவர் போட்டதுதான். ஆனாலும் 'பிச்சை' என்ற அந்த வார்த்தை இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வெளிநாடுகளில் ஏழைக் குடும்பங்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் பணம் கொடுத்து, என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறார்களாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் நினைப்பது தவறு என்றாலும் சொல்லுங்கள்.

நிழல்மரம் எழுதியது:

தம்பி, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் மூத்தவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வீட்டில் குடிக்கிற ஆள் ஒருவர் இருந்தால் போதும், கைக்கு வந்த காசு அடுப்படி வரை வராது. என் சொந்தத்திலேயே இதைப் பார்த்தவன் நான். அப்புறம், உழைக்காமல் பணம் வந்தால் உழைப்பின் மேல் உள்ள பிடிப்பும் தளரும். பொருளாகக் கொடுத்தால் அந்தப் பொருளாவது மிஞ்சும். பள்ளிக்கு நேராகக் கட்டினால் பிள்ளையாவது படிக்கும்.

கணக்குநோட்டு எழுதியது:

நிழல்மரம் ஐயாவின் பயம் எனக்கும் இருந்தது. இந்த ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கியதே அந்தப் பயத்தால்தான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் குடி விஷயம். உலக வங்கியைச் சேர்ந்த இருவர், பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2014இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஏழைகளின் கைக்குப் பணம் போனால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடுகிறதா என்பதுதான் கேள்வி. அப்படிக் கூடுவதாகத் தெரியவில்லை, சில இடங்களில் குறையக்கூடச் செய்திருக்கிறது. குடிக்கிறவர் எந்த ஊரிலும் இருப்பார், ஐயா சொன்ன உறவினரும் உண்மைதான். ஆனால் ஊருக்கே பணம் கொடுத்துவிட்டு மொத்தமாகக் கணக்கெடுத்தால், பெரும்பாலான வீடுகளில் பணம் வேறு பக்கம்தான் போகிறது.

எந்தப் பக்கம் என்றால், கென்யாவின் மேற்குப் பகுதியில் ராரியெடா என்ற இடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் அங்கே புல் கூரை போட்ட வீடுகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பியது. புல் கூரைதான் வறுமைக்கான அடையாளம், வேறு விண்ணப்பமோ சான்றிதழோ கிடையாது. யாருக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். சில வீடுகளில் கணவர் பெயரில், சில வீடுகளில் மனைவி பெயரில். சிலருக்கு மாதாமாதம், சிலருக்கு மொத்தமாக. பொருளாதார ஆய்வாளர்கள் ஹவுஸ்ஹோஃபரும் ஷாபிரோவும் 2016இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அந்த வீடுகளில் சாப்பாட்டுச் செலவு கூடியது, ஆடு மாடு கூடியது, மனநிலையும் நன்றாகத் தேறியது. நிறையப் பேர் புல்லை எடுத்துவிட்டுத் தகரக் கூரை போட்டார்கள்.

இந்தக் கூரையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு 'வீட்டை அழகு பண்ணிவிட்டார்கள்' என்று தோன்றும். புல் கூரை மக்கிப்போகும். அடிக்கடி புல் வாங்க வேண்டும், வேய ஆள் பிடிக்க வேண்டும், மழையில் ஒழுகினால் இரவெல்லாம் பாத்திரத்தை இடம் மாற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தகரம் ஒருமுறை போட்டால் பல வருடம் நிற்கும். புல்லுக்குப் போய்க்கொண்டிருந்த காசு மிஞ்சும். அது லாபம் தரும் முதலீடுதான். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு இது எப்போதோ தெரியும். ஒரே நேரத்தில் அவ்வளவு பணம் கைக்கு வராததுதான் தடையாக இருந்தது.

உழைப்பு பற்றி: ஆறு வளரும் நாடுகளில் அரசுகளே நடத்திய திட்டங்களைப் பற்றிய ஏழு ஆய்வுகளைப் பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் மற்றவர்களும் 2017இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பணம் வாங்கியவர்கள் வேலையை விட்டதாகவோ குறைத்ததாகவோ தெரியவில்லை.

பழையமாணவி எழுதியது:

நான் வாங்கிய பக்கத்தில் இருந்து எழுதுகிறேன்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது என் அம்மாவுக்கு ஒரு அமைப்பு தையல் இயந்திரம் கொடுத்தது. எந்த அமைப்பு என்பது இங்கே வேண்டாம், நல்லவர்கள்தான். மேடையில் வைத்துக் கொடுத்தார்கள், படமும் எடுத்தார்கள். அம்மாவுக்குத் தைக்கத் தெரியும். ஆனால் அந்த வருடம் அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுவார். கண்ணாடி மாற்றக் காசு இல்லை. வீட்டு வாடகை நான்கு மாதம் பாக்கி.

இயந்திரத்தை விற்றால் கண்ணாடியும் வாங்கலாம், வாடகையையும் கட்டலாம். ஆனால் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். அவர்கள் வரும் நாளுக்கு முந்தின இரவு அம்மா அதன் மேல் மூடியிருந்த துணியை எடுத்து, எண்ணெய் விட்டு, ஒரு பழைய பாவாடையை ஊசிக்குக் கீழே வைப்பார். காலையில் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். அவர்கள் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டு போவார்கள். அதே வாரம் அம்மா வட்டிக்குக் கடன் வாங்கியிருப்பார். வாங்கிய கடனைவிட அதிக மதிப்புள்ள பொருள் வீட்டு மூலையிலேயே இருந்தது.

அம்மா பொய் சொல்லக் கூச்சப்படுகிறவர். அந்தக் காலை நேரங்களில் அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஈரமண் அண்ணா, அந்த அம்மாவுக்கு என்ன தேவை என்று உங்கள் ஐந்து பேருக்கும் தெரியாது. தெரியாததில் தப்பில்லை. தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அவரிடமே விட்டுவிடுங்கள்.

நிழல்மரம் எழுதியது:

மகளே, உன் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. பொருளாகக் கொடுத்தால் பொருளாவது மிஞ்சும் என்று எழுதினேன். அது மிஞ்சியே உங்கள் வீட்டை இப்படி அழுத்தியிருக்கும் என்று நினைக்கவில்லை.

ஆனாலும் சில சந்தேகங்கள் தீரவில்லை, கேட்டுவிடுகிறேன். ஐந்து பேர் ஒருவருக்குக் கொடுப்பது வேறு, ஊருக்கே கொடுப்பது வேறு. எல்லோர் கையிலும் காசு வந்தால் விலை ஏறாதா? வாங்காத வீட்டுக்காரர்கள் கதி என்ன? அப்புறம், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இல்லாத இடத்தில் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கணக்குநோட்டு எழுதியது:

மூன்றும் சரியான கேள்விகள். முதல் இரண்டுக்கும் நல்ல பதிலும் இருக்கிறது, கெட்ட பதிலும் இருக்கிறது.

நல்ல பதில் மறுபடியும் கென்யாவில் இருந்துதான், சியாயா பகுதி. 653 கிராமங்கள், அவற்றில் 10,500க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 1,000 டாலர். அந்த வட்டாரத்தின் மொத்தப் பொருளாதாரத்தில் 15 விழுக்காட்டுக்கும் மேல் வரும் பணம் அது. இவ்வளவு பணம் இறங்கியும் விலைவாசி ஏறியது 0.1 விழுக்காடு அளவுக்குத்தான். 2022இல் வெளியான அந்த ஆய்வின் கணக்குப்படி, உள்ளே வந்த ஒவ்வொரு டாலரும் அந்த வட்டாரத்தில் சுமார் இரண்டரை டாலர் அளவுக்குப் பொருளாதார நடமாட்டத்தை உண்டாக்கியது. பணம் வாங்காத வீடுகளிலும் செலவு செய்யும் வசதி கூடியது, ஏனென்றால் வாங்கியவர்கள் வாங்காதவர்களின் கடைகளுக்குத்தான் போனார்கள்.

விலை ஏன் ஏறவில்லை? மாவு அரைக்கும் மில்காரரை நினைத்துப் பாருங்கள். இயந்திரம் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், நாளில் பாதி நேரம் அரைக்க வருவோர் இல்லை. கூட்டம் வந்தால் விலையை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் கூடுதலாக அரைத்துக் கொடுப்பார். அந்த மாதிரி சும்மா இருந்த திறன் அந்தப் பகுதியில் நிறைய இருந்தது.

கெட்ட பதில் பிலிப்பைன்சில் இருந்து. அங்கே அரசு பிள்ளைகளின் படிப்பையும் உடல்நலத்தையும் நிபந்தனையாக வைத்துப் பணம் கொடுக்கிறது. வெளியில் இருந்து சரக்கு எளிதில் வராத கிராமங்களில், ஊரில் பெரும்பாலோருக்குப் பணம் கிடைத்தபோது, முட்டை மாதிரி சீக்கிரம் கெட்டுப்போகும் சத்துணவுகளின் விலை ஏறியது. பணம் கிடைக்காத வீட்டுப் பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குறைவு கூடியது. இதை மறைக்கக் கூடாது. சாலையும் சந்தையும் சரியில்லாத இடத்தில் பணம் மட்டும் போனால், பக்கத்து வீட்டுக் குழந்தை அதன் விலையைக் கொடுக்க நேரலாம்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அதே சியாயாவில் பிறப்பு, இறப்புக் கணக்குகளை எடுத்துப் பார்த்து 2025இல் ஓர் ஆய்வு வந்தது. பணம் பெற்ற வீடுகளில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் 48 விழுக்காடு குறைந்திருந்தது. பாதிக்குப் பாதி. பிரசவத்தை ஒட்டிப் பணம் வந்த வீடுகளில்தான் பலன் அதிகம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பெண்கள் கடும் வேலையைக் குறைத்துக்கொள்ள முடிந்தது, மருத்துவமனைக்குப் போய்ப் பிரசவம் பார்க்க முடிந்தது. ஆனால் மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருந்த வீடுகளில்தான் இது நன்றாகத் தெரிந்தது. ஐயா சொன்னதும் இதில் அடங்கியிருக்கிறது. பணம் அந்தத் தாயை மருத்துவமனை வாசல் வரை கொண்டுபோகும், உள்ளே மருத்துவரை வேறு யாராவது வைத்திருக்க வேண்டும்.

தூரப்பயணி எழுதியது:

நான் சில வருடம் வெள்ள நிவாரணப் பணியில் இருந்தேன். மூன்று அமைப்புகள் வந்து மூன்று முறை கம்பளி கொடுத்த முகாமைப் பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் காலை, கட்டுப் பிரிக்காத கம்பளிகள் சாலையோரம் பாதி விலைக்கும் கீழே விற்பனைக்கு வந்திருந்தன. விற்றவர்களை எங்களில் சிலர் திட்டினார்கள். ஒரு பெண் என்னிடம், "குழந்தைக்கு ஜுரம், மருந்து வாங்கணும், மூணு கம்பளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று மட்டும் கேட்டார். கம்பளி வாங்கி, லாரியில் ஏற்றி, காவல் போட்டு, வரிசை நிறுத்திக் கொடுக்க ஆன செலவை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பெண் கையில் கடைசியில் சேர்ந்தது மிகக் கொஞ்சம்.

அதே நேரம், பணம் அனுப்புவது ஒரு பொத்தானை அழுத்துவது மாதிரி எளிது என்று யாரும் நினைக்க வேண்டாம். கென்யாவில் 2007இல் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை வந்த பிறகு கைப்பேசியிலேயே பணம் வாங்கலாம், கொடுக்கலாம் என்று ஆனது. அந்த வசதி இருந்ததால்தான் மேலே சொன்ன வேலையெல்லாம் சாத்தியமானது. அப்படியும் ஓட்டை விழும். காங்கோவின் தெற்குக் கிவு பகுதியில் கிவ்டைரக்ட்லி நிறுவனத்தின் ஊழியர்கள் சிலரே சேர்ந்து சுமார் 9 லட்சம் டாலரைச் சுருட்டிவிட்டார்கள். பாதுகாப்புப் பிரச்சினை இருந்த இடம் என்பதால் சிம் அட்டை பதிந்து கொடுக்கும் வேலையை ஊழியர்களிடமே விட்டிருந்தார்கள். அந்த இடத்தில்தான் திருட்டு புகுந்தது. 2023இல் நிறுவனமே இதை வெளியில் சொன்னது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பணம் வாங்கிய ஏழை ஏமாற்றுவார் என்றுதான் நாம் எல்லோரும் கவலைப்படுகிறோம். இங்கே ஏமாற்றப்பட்டதே அவர்தான். நிபந்தனையும் கண்காணிப்பும் வைக்க வேண்டிய இடம் கொடுக்கிற பாதை, வாங்குகிற கை அல்ல. இதை நான் அடித்துச் சொல்வேன்.

விளக்குத்திரி எழுதியது:

எல்லா நிபந்தனையும் வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் ஆசிரியை. மலாவி நாட்டின் சோம்பா மாவட்டத்தில் வளரிளம் பெண்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. ஒரு பிரிவுக்குப் பள்ளிக்கு ஒழுங்காக வந்தால்தான் பணம். இன்னொரு பிரிவுக்கு எதுவும் கேட்காமல் பணம். படிப்பை நிறுத்தாமல் தொடர்ந்தவர்கள் நிபந்தனை வைத்த பிரிவில்தான் அதிகம், தேர்விலும் அவர்கள் மேல். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது இனிக்கும்.

ஆனால் சிறு வயதுத் திருமணமும் கர்ப்பமும் நிபந்தனை இல்லாத பிரிவில்தான் நன்றாகக் குறைந்தன. காரணத்தை யோசித்தால் மனசு கனக்கிறது. படிப்பை விட்டுவிட்ட பெண்ணுக்கு, நிபந்தனை வைத்த பிரிவில் பணமும் நின்றுவிடும். யாருக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகப் பணம் தேவையோ அவளே வரிசையை விட்டு வெளியே போய்விடுகிறாள். மற்றப் பிரிவில் அவளுக்குப் பணம் வந்துகொண்டே இருந்தது. வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று கட்டிக்கொடுக்கும் நெருக்கடி தள்ளிப்போனது.

என் வகுப்பில் வருகை குறைந்துகொண்டே போய் ஒரு நாள் நின்றுவிட்ட பெண்களை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். வருகைப் பதிவேட்டை வைத்து உதவி செய்தால் அவர்களுக்கு ஒன்றுமே போயிருக்காது.

கணக்குநோட்டு எழுதியது:

விளக்குத்திரி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். மலாவியில் பணம் நின்ற பிறகு நிபந்தனை இல்லாத பிரிவில் கிடைத்த அந்த நன்மை பெரும்பாலும் கரைந்துபோனது. பணம் வந்த காலத்துக்கு அது கவசமாக இருந்தது, அவ்வளவுதான். உகாண்டாவிலும் இளைஞர்களுக்குத் தொழில் தொடங்க மானியம் கொடுத்து நான்கு வருடம் கழித்துப் பார்த்தபோது வருமானம் 38 விழுக்காடு கூடியிருந்தது. ஒன்பது வருடம் கழித்துப் பார்த்தால் மானியம் வாங்காதவர்களும் மெல்ல மெல்ல அந்த அளவுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். முன்னால் கிடைத்த அந்த வருடங்கள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு குழந்தை வளரும் காலத்தில் நான்கைந்து வருடம் என்பது மிகப் பெரிது. ஆனால் ஒருமுறை பணம் கொடுத்தால் வறுமை தலைமுறைக்கும் ஒழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அமெரிக்காவில் 2018இல் தொடங்கிய ஆய்வு ஒன்றும் இருக்கிறது. குழந்தை பிறந்த 1,000 ஏழைத் தாய்மாரில் ஒரு பிரிவுக்கு மாதம் 333 டாலர், இன்னொரு பிரிவுக்கு 20 டாலர். குழந்தைகளுக்கு நான்கு வயதானபோது மொழியிலோ நடத்தையிலோ இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. பணத்தின் மேல் நம்பிக்கை வைத்த என் போன்றவர்களுக்கு அது வருத்தமான முடிவு. பணக்கார நாட்டில் வறுமை வேறு மாதிரி முடிச்சுப் போட்டிருக்கிறது, அவிழ்க்க இந்த விரல் மட்டும் போதவில்லை.

பழையமாணவி எழுதியது:

கணக்குநோட்டு அண்ணா, ஒரு கேள்வி. மொத்தமாகக் கொடுப்பது நல்லதா, மாதாமாதம் கொடுப்பது நல்லதா? ஈரமண் அண்ணாவுக்கு இப்போது தெரிய வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.

கணக்குநோட்டு எழுதியது:

நல்ல கேள்வி. கென்யாவிலேயே இதைச் சோதிக்கப் பெரிய ஏற்பாடு நடக்கிறது. சில கிராமங்களில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் 12 வருடத்துக்கு மாதாமாதம், சில கிராமங்களில் இரண்டு வருடத்துக்கு மட்டும், சில கிராமங்களில் மொத்தமாக ஒரே தொகை. மாதாமாதம் வருவது ஒருவருக்கு நாளொன்றுக்கு சுமார் 75 சென்ட் கணக்கு. தொழில் தொடங்குவதில் மொத்தமாக வாங்கியவர்களும் 12 வருடக்காரர்களும் முன்னால் இருக்கிறார்கள். இரண்டு வருடக்காரர்கள் அந்த அளவுக்கு இல்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. 12 வருடக்காரர்களுக்கு மாதம் வருவது சின்னத் தொகைதானே, தொழிலுக்கு முதல் எங்கிருந்து வந்தது? அவர்கள் தங்களுக்குள் சீட்டுப் போட்டுக்கொண்டார்கள். மாதம் வரும் பணத்தை எல்லோரும் போட்டு, முறை வைத்து ஒவ்வொருவராக மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதமும் பணம் வரும், அதற்கடுத்த வருடமும் வரும் என்று எல்லோருக்கும் உறுதியாகத் தெரிந்ததால்தான் அப்படிச் சீட்டுக் கட்ட முடிந்தது. எவ்வளவு என்பது எவ்வளவு முக்கியமோ, எப்போது வரும், எதுவரை வரும் என்று முன்கூட்டியே தெரிவதும் அவ்வளவு முக்கியம். பெரிய செலவு காத்திருக்கும் வீட்டுக்கு மொத்தமாகக் கொடுங்கள். அன்றாடச் சாப்பாட்டுக்கே திண்டாட்டம் என்றால் மாதாமாதம். எது வேண்டும் என்று அந்த அம்மாவையே கேட்டுவிடுங்கள்.

நிழல்மரம் எழுதியது:

விலைவாசி விஷயத்தில் என் கவலை முழுதாகப் போகவில்லை. அரசு இதைக் காரணம் காட்டிப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஒதுக்கும் பணத்தைக் குறைத்துவிடக் கூடாது என்பதையும் நான் தொடர்ந்து சொல்லிக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் ஈரமண் தம்பியின் கேள்விக்கு இப்போது என் பதில் வேறு. கையிலேயே கொடுங்கள். அந்த மூத்தவரிடம், அவர் வயதில் இருக்கும் ஒருவன் முதலில் அப்படித்தான் நினைத்தான், பிறகு மாற்றிக்கொண்டான் என்று சொல்லுங்கள்.

ஈரமண் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பழையமாணவியின் பதிவை எங்கள் மூத்தவருக்குப் படித்துக் காட்டினேன். தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடும் இடம் வந்ததும் போதும் என்று கை காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "நானே வருகிறேன், சேர்ந்தே கொடுப்போம்" என்றார்.

மொத்தமாக வேண்டுமா, மாதாமாதம் வேண்டுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டோம். அவர் பதில் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டார். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். பாதியை இப்போதும், மீதியை ஆறு மாதமாகப் பிரித்தும் கேட்டார். முதல் பாதியைக் கொடுத்துவிட்டோம். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மீதி ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வரும் என்று சொன்னோம். அவர் கைப்பேசியை எங்களிடம் நீட்டி, "அந்தத் தேதியை இதில் போட்டுக் கொடுங்க தம்பி" என்றார். ஆறு மாதத்துக்கும் மூத்தவரே போட்டுக் கொடுத்தார்.